இன்னொரு தாள் தருவார்கள்

மல்கிரேவ், மெல்பேண்
02.02.2025

அன்புள்ள அன்னமலருக்கு,

மடு மாதா உன்னையும் மகன் றெக்சன் வீட்டாரையும் காப்பாராக. நான் சுகம். முழங்கால் மட்டும் தன்பாட்டில் நடக்கிறது, நான் என்பாட்டில் நடக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதுவது நம் மகள் லிண்டா இல்லை. நான்தான், உன் புருஷன் றெஜினோல்ட். சிரிக்காதே. வேண்டுமென்றால் லிண்டாவிடம் ரெலிபோனில் கேட்டுப் பார். அவள் முத்திரை வாங்கித் தந்தாள், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்கும் தெரியாது.

கலியாணம் முடித்து நாற்பத்தெட்டு வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. மேலே ஞாயிற்றுக்கிழமைத் திகதி போட்டிருக்கிறேன். தொடங்கியது வியாழக்கிழமை.

எப்படி என்று கேட்பாய். போன வருடம் பங்குனியில் மருமகள் டில்ஷாவின் பிரசவத்துக்கென்று நீ சிட்னிக்குப் போனாய். மூன்று மாதம் என்றாய். அந்த மூன்று மாதம் இப்போது பதினொரு மாதம் ஆகிறது. ரெலிபோனில் நான் என்ன பேசுவேன் என்று உனக்குத் தெரியும். "சாப்பிட்டியோ? பிள்ளை படுத்திட்டுதோ? சரி, வை." அதற்கு மேல் எனக்கு வாய் வராது. வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக வரும். அதற்குள் லிண்டா ரெலிபோனைச் சார்ஜில் போட்டிருப்பாள்.

அதனால் இங்கே சனசமூக நிலையத்தில் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கும் வகுப்புக்குப் போனேன். யோகா என்கிற ரீச்சர் ஒருவர் பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். நாங்கள் நான்கு பேர். ஒருவர் பிஜியில் பிறந்தவர், இரண்டு பேர் மலேசியா. இந்த வயதில் அ, ஆ தெரியாத தமிழன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அப்பா செத்ததும் எட்டு வயதில் கடலுக்குப் போனவனுக்கு வேறு என்ன தெரிந்திருக்கும்?

முதல் நாள் ரீச்சர் "உங்கட பேரை எழுதிப் பாருங்கோ அண்ணை" என்றார். என் பெயர் பெரிய கரைச்சல். முன்னுக்கு ஒரு கொம்பு, நடுவில் இரட்டைக் கொம்பும் காலும். பேனையை வைத்துவிட்டேன். அப்போதுதான் அவர் "அப்ப அக்காவின்ர பேரென்ன?" என்று கேட்டார். உன் பெயர் லேசு. கொம்பும் இல்லை, காலும் இல்லை. ஆகவே நான் முதன்முதல் எழுதப் பழகியது உன் பெயர்தான். கொப்பியில் இரண்டு பக்கம் முழுக்க நீதான் இருக்கிறாய்.

இன்று மத்தியானம் முப்பத்தொன்பது பாகை வெயில். மூன்று மணிக்குத் தெற்குக் காற்றுத் திரும்பியது. அரை மணித்தியாலத்தில் இருபது பாகை. தெருவில் எல்லா வீட்டாரும் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து நின்றார்கள். சீனர், இத்தாலிக்காரர், முன்வீட்டு வெள்ளைக்காரி, நாங்கள். கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். நீயும் நின்றிருக்கலாம் என்று நினைத்தேன்.

நமக்குக் குடியுரிமை தந்த அன்று ஆளுக்கொரு சின்ன மரக்கன்று தந்தார்களே, என்னுடையது பட்டுப்போனது. உன்னுடையது வேலி உயரம் வந்துவிட்டது.

எப்போது வருகிறாய்?

உன்
றெஜினோல்ட்
(பார்த்தாயோ, கீறல் இல்லை. எழுத்து.)


வெஸ்ட்மீட், சிட்னி
16.02.2025

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

கர்த்தர் துணை. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு மூன்றாவது பல் வந்திருக்கிறது. கடிக்கிறாள்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. டில்ஷாதான் "மாமி, உங்களுக்கு ஆரோ கடிதம் போட்டிருக்கினம்" என்று கொண்டுவந்து தந்தாள். யாரையோ பிடித்து எழுதுவித்திருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் ஒவ்வொரு வரியும் வலது பக்கம் போகப் போக மேலே ஏறுகிறது, நீங்கள் வள்ளத்தைக் கரையில் இழுத்து ஏற்றுகிற மாதிரி. அப்போது நம்பினேன். குசினியில் நின்றபடியே வாசித்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

பேர் எழுதிய அந்தக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். கோபிக்காமல் வாசியுங்கள். நான் மெல்பேணில் எட்டு வருடம் இருந்தேன். அந்த எட்டு வருடத்தில் நான் பார்த்தது என்ன? லிண்டாவின் குசினி, கோயில், ஷொப்பிங் சென்றரின் கார் நிறுத்துகிற இடம். வந்த புதிதில் ஒரு நாள் கேட்டேன், "இஞ்ச கடல் எங்க இருக்குது? ரெயினில போய்ப் பாத்திட்டு வருவமோ?" என்று. ஒருமுறை இல்லை, நான்கைந்து முறை கேட்டேன். நீங்கள் சொன்னது ஞாபகமோ? "கடல் என்ன கடல், நான் காணாத கடலோ!" நீங்கள் கண்டீர்கள். நான் கரையில் நின்று மீன் காயப்போட்டேன்.

இங்கே வந்த முதல் கிழமையே டில்ஷா என்னைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனாள். பரமட்டாவிலிருந்து ஆற்றோடு போய்ப் பெரிய பாலத்தின் கீழே போனோம். நான் மேல்தட்டில் நின்றேன். அன்று முழுக்கச் சிரித்தபடியே இருந்தேனாம், டில்ஷா சொன்னாள்.

இன்னொரு விஷயம். றெக்சன் வாக்காளர் பதிவுப் போர்ம் ஒன்று கொண்டுவந்திருக்கிறான். "அம்மா, விலாசத்தை இஞ்ச மாத்துவம். எலெக்சன் வருகுது. இதை மாத்தினா டொக்டர், பென்ஷன் எல்லாம் இஞ்சையே பாக்கலாம். அங்க அக்கா அப்பாவைப் பாக்கிறா, இஞ்ச நாங்கள் உங்களைப் பாக்கிறம்" என்கிறான். பிழையான பேச்சு என்று சொல்ல முடியாது. அதில் ஒரு கையெழுத்து வைத்தால் நான் சிட்னிக்காரி. இன்னும் வைக்கவில்லை.

மெல்பேணில் அப்படி என்ன இருக்கிறது? எழுதுங்கள் பார்ப்போம். இப்போதுதான் எழுதத் தெரியுமே.

அன்னமலர்


மல்கிரேவ்
09.03.2025

அன்புள்ள அன்னத்துக்கு,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். யாரிடமும் கொடுக்கவில்லை. கடல் பற்றி எழுதிய இடத்தை இரண்டு முறை வாசித்தேன். அதற்கு இன்று பதில் எழுதவில்லை. எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

மெல்பேணில் என்ன இருக்கிறதென்று கேட்டாய். சொல்கிறேன். நேற்று நான் தனியாக மோர்டியலோக்குக்குப் போனேன். சனி, ஞாயிறில் எங்கள் வயதுக்காரருக்கு ரெயினும் பஸ்ஸும் இலவசம். பஸ்ஸில் ஸ்பிரிங்வேல், அங்கிருந்து ரெயின், கோல்ஃபீல்டில் இறங்கி வேறு ரெயின். யோகா ரீச்சர் இங்கிலிஷ் எழுத்தும் சொல்லித் தந்திருக்கிறார். தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு. இவர்களுக்கு மொத்தமே இருபத்தாறு. இந்த இருபத்தாறை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே நடத்துகிறார்கள்! ஒவ்வொரு ஸ்ரேஷனிலும் போர்டை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். சில போர்டை நான் வாசித்து முடிக்குமுன்னர் ரெயின் வெளிக்கிட்டுவிடும்.

அங்கே கடலுக்குள் நீளமாக ஒரு மரப்பாலம். அதன் மேல் எல்லாச் சனமும் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறது. வியட்நாம் பெண்கள், சூடான் பெடியன்கள், தாடி வைத்த வெள்ளைக்காரர். எனக்குப் பக்கத்தில் ஸ்பைரோ என்று ஒரு கிரேக்கக் கிழவர், வயது எண்பத்தொன்று. இருபது வயதில் கப்பலில் வந்து, கார் தொழிற்சாலையில் வேலை செய்து, வீட்டு முற்றத்தில் எலுமிச்சையும் தக்காளியும் வைத்து இந்த ஊரில் வேர் விட்ட மனிதர். அவருடைய இங்கிலிஷும் என்னுடைய இங்கிலிஷும் ஒரே அளவு என்பதால் எங்களுக்குள் நல்ல பேச்சு. தன்னுடைய தூண்டில் ஒன்றைத் தந்தார். எழுபது தாண்டியவர்களுக்கு லைசன்சும் தேவையில்லையாம்.

போட்டு இருபது நிமிடம் இல்லை, பிடித்துவிட்டேன். சிவந்த மீன், நம்முடைய விளைமீன் சாயல். கறிக்கு எடுத்துப் போகலாம் என்று பையில் வைக்கப் போனால் ஸ்பைரோ என் கையைப் பிடித்தார். பாலத்தின் கம்பியில் அடிமட்டம் ஒட்டியிருக்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருப்பது போல. மீனை அதில் கிடத்திக் காட்டினார். இருபத்தெட்டு சென்றிமீற்றர் வேண்டும். என் மீன் இருபத்தாறு.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. நாற்பது வருடம் கடலில் நின்ற மனிதனுக்கு அடிமட்டம் வைத்துக் காட்டுகிறான்! சுற்றிப் பார்த்தேன். பொலிஸ் இல்லை, உத்தியோகத்தர் ஒருவரும் இல்லை. ஆனால் அந்த வியட்நாம் பெண் தன் மீனை அளந்துவிட்டுத் தானாகவே கடலில் விடுகிறாள். ஸ்பைரோவும் தன்னுடையதை விட்டார். "இண்டைக்குச் சின்னது. நாளைக்குப் பெரிசு" என்றார். நானும் விட்டேன். அது ஒருமுறை வாலை அடித்துவிட்டுப் போனது. யாருமே பார்க்காத இடத்தில் சனம் சரியாக நடக்கிற ஊர் இது, அன்னம். வெறும் பையோடு வந்தேன். ஆனாலும் சந்தோசமாக வந்தேன்.

இன்னொரு புதினம். இங்கே ஆளைப் புதிதாகக் கண்டால் ஊர் கேட்பதில்லை, சமயம் கேட்பதில்லை. எந்த ஃபுற்போல் ரீம் என்றுதான் கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னால் வாயில்லாத பிராணியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். ஆகவே நானும் ஒரு ரீம் எடுத்தேன். சென் கில்டா. புனிதருடைய பெயர், துணையாக இருப்பார் என்று எடுத்தேன். நம்முடைய முதியோர் சங்கத்து மினி பஸ் ஓட்டும் கேதீஸ்வரன் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணை, அப்பிடி ஒரு புனிதரே இல்லை! அந்த ரீம் கப் எடுத்ததும் ஒரே ஒருக்கா, அதுவும் அறுபத்தாறாம் ஆண்டு!" இனி மாற்ற முடியாதாம். இங்கே மனைவியை மாற்றினாலும் ரீமை மாற்ற மாட்டார்களாம். நான் இரண்டையும் மாற்றுகிற எண்ணத்தில் இல்லை.

உன்
றெஜினோல்ட்


வெஸ்ட்மீட்
23.03.2025

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

இல்லாத புனிதரைக் கும்பிடுகிற மனிதனுக்கு,

நீங்கள் அடிமட்டம் வைத்த கதையை றெக்சனுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கட அப்பாவோ மீனைத் திருப்பி விட்டவர்?" என்று மூன்று தரம் கேட்டான். டில்ஷா "மாமா கடிதம் எழுதுறாரெண்டு நம்பினனான், இதை நம்பமாட்டன்" என்றாள்.

எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். பெண்சாதி நான்கைந்து முறை கேட்டுப் போகாத கடலுக்கு, கிரேக்கனோடு நின்று தூண்டில் போடப் போனீர்களாக்கும். அதுவும் தனியாக. அப்போது போகத் தெரியாதவருக்கு இப்போது மட்டும் எப்படிப் போக வந்தது? அதற்குப் பதில் எழுதக் கை வரவில்லை என்றால், வந்த பிறகு எழுதுங்கள். நான் அவசரப்படவில்லை. நாற்பத்தெட்டு வருடமாக அவசரப்படாமல்தான் இருக்கிறேன்.

போர்ம் ஃபிரிஜ்ஜில் காந்தத்தின் கீழே இருக்கிறது. பால் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறது. எலெக்சன் அறிவித்து ஒரு கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம்.

இரவில் போர்வையைக் காலுக்குக் கீழே மடித்துவிட்டுப் படுங்கள்.

அன்னமலர்


மல்கிரேவ்
13.04.2025, குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள அன்னத்துக்கு,

குருத்தோலை உனக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். சிலுவையாக மடித்தது முன்வீட்டுக்காரி. அவளும் நம் கோயில்தானாம். ஒன்பது வருடமாகத் தெரியாது!

போர்ம் கொடுக்கிற காலம் ஏழாம் திகதியோடு முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். நீ கொடுத்தாயோ இல்லையோ என்று நான் கேட்கவில்லை. ரெலிபோனிலும் கேட்க மாட்டேன். லிண்டாவையும் கேட்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை கேதீஸ்வரன் மினி பஸ்ஸில் எங்களைப் பலறாட்டுக்குக் கூட்டிப்போனார். ஒன்றேமுக்கால் மணித்தியால ஓட்டம். நூற்றெழுபது வருடத்துக்கு முன்னர் அங்கே தங்கம் கண்டுபிடித்திருக்கிறார்கள். உலகமே ஓடி வந்ததாம், அயர்லாந்திலிருந்து, ஜெர்மனியிலிருந்து, அமெரிக்காவிலிருந்து. சீனர்கள் விக்டோரியாவில் வந்து இறங்கினால் ஆளுக்குப் பத்துப் பவுண் வரி என்று சட்டம் போட்டார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமோ? அடுத்த மாநிலத்துக் கடற்கரையில் இறங்கி, காவடி மாதிரித் தடியின் இரண்டு பக்கமும் சாமான் தொங்கவிட்டுக்கொண்டு, கிழமைக்கணக்காகக் காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்தார்கள். அந்தப் படத்துக்கு முன்னால் நான் கன நேரம் நின்றேன். வரிசையாக நடக்கிறார்கள். முன்னே போகிறவனுக்கும் வழி தெரியாது, முகத்தில் தெரிகிறது. ஆனாலும் நடக்கிறான்.

தங்கம் கிண்டுகிறவர்களிடம் லைசன்ஸ், லைசன்ஸ் என்று பொலிஸ் வதைத்ததில், சனம் மரத்தால் வேலி கட்டி உள்ளே நின்று சண்டை பிடித்திருக்கிறது. கால் மணித்தியாலத்தில் தோற்றுப்போனார்கள். முப்பது பேர் வரையில் செத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடத்துக்குள் ஏழை எளியவனுக்கும் வாக்கு வந்தது. யார் யாருக்குப் போட்டான் என்று தெரியாமல் மறைவாகப் போடுகிற முறையை உலகத்துக்கே முதலில் கொண்டுவந்ததும் இந்த விக்டோரியாவும் பக்கத்து மாநிலமும்தானாம். வாக்குப் போட்டதற்காகச் சனம் அடிவாங்கினதைப் பார்த்தவர்கள் நாங்கள். இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

விளக்கம் சொன்ன பெண் தொடங்குமுன்னர் இந்த நிலத்தின் பழைய சொந்தக்காரருடைய பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னாள். கேதீஸ்வரன் என் காதில் "பறிச்சுப்போட்டுத்தானே அண்ணை சொல்லுகினம்" என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் நம்முடைய பக்கத்தில் பறித்தவர்கள் நம் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை என்றேன்.

அங்கே ஓடையில் தட்டு வைத்து மண்ணை அரித்துத் தங்கம் தேட விடுகிறார்கள். ஒரு மணித்தியாலம் குனிந்து நின்று அரித்ததில் ஒரு பொட்டு அகப்பட்டது. கண்ணாடிக் குப்பியில் போட்டுத் தந்தார்கள். கண்ணாடி போட்டால்தான் தெரியும். அது உனக்கு. தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. நீ வரும்போது தருவேன்.

வந்தால் என்று எழுதத் தொடங்கினேன். பிறகு நிறுத்தி, வரும்போது என்று எழுதினேன்.

உன்
றெஜினோல்ட்


மல்கிரேவ்
04.05.2025

அன்புள்ள அன்னத்துக்கு,

பலறாட் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. பெரிய வெள்ளி போனது, பாஸ்கா போனது. ரெலிபோனில் "கடிதம் கிடைச்சது" என்றாய். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் "சரி, வை" என்றேன். பழைய புத்தி.

நேற்று வாக்குப் போட்டேன். போன வருடம் கவுன்சில் எலெக்சனுக்குத் தபாலில் வந்ததை லிண்டாதான் நிரப்பினாள், நான் கீறல் மட்டும் வைத்தேன். இந்த முறை நானே போவேன் என்று சொல்லிவிட்டேன். காலையில் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கோயிலுக்குப் போகிற மாதிரிப் போனேன். இடம் பள்ளிக்கூடம். வாசலில் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் பாணுக்குள் சொசேஜும் வெங்காயமும் வைத்து விற்கிறார்கள். வாக்குப் போட வந்த சனம் வாயில் சோஸோடு வரிசையில் நிற்கிறது. நாய்கூடக் கொண்டுவந்திருக்கிறார்கள். துவக்கு வைத்த பொலிஸ், ஆமி ஒருவரையும் காணவில்லை. எதிரெதிர்க் கட்சிக்காரர் ஒரே குடையின் கீழே நின்று கதைக்கிறார்கள். அன்னம், இதைப் பார்க்கவாவது நீ வந்திருக்க வேண்டும்.

உள்ளே பெயரைக் கேட்டுத் தாள் தந்தார்கள். மட்டை மறைப்புக்குள் போய் நின்றேன். ஒவ்வொரு பெயராகக் கூட்டி வாசித்தேன். எனக்குப் பின்னால் மூன்று பேர் வந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குப் பிடித்த பெயருக்கு நேரே, நல்ல வடிவாக, ஊரில் போடுகிற மாதிரி ஒரு புள்ளடி போட்டேன்.

போட்ட பிறகுதான் சந்தேகம் வந்தது. வாசலில் நின்ற பிள்ளையின் சட்டையில் பெயர் குத்தியிருந்தது. வாசித்தேன், லக்ஷ்மிப்ரியா. இந்தியப் பிள்ளை.

"பிள்ளை, நான் புள்ளடி போட்டுட்டன். சரியோ?"

"புள்ளடின்னா என்ன ஐயா?"

விரலால் காற்றில் பெருக்கல் குறி மாதிரிக் கீறிக் காட்டினேன்.

"அச்சச்சோ, அது செல்லாதே! இங்க எல்லாப் பெட்டியிலயும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போடணும்."

எனக்கு முகம் கறுத்துப்போனது. "அப்ப என்ர வோட்டுப் போச்சுதோ?"

"ஏன் போகுது? தப்பாயிடுச்சுன்னு சொல்லிக் குடுங்க, இன்னொரு தாள் தருவாங்க."

"ஏசமாட்டினமோ?"

"எதுக்கு ஐயா ஏசணும்? எல்லாருக்கும் ஆகறதுதானே!"

கொடுத்தேன். மேசையில் இருந்த பெண் பிழைத்தாளை வாங்கி, என்னவோ எழுதி ஓர் உறையில் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே புதுத்தாள் தந்தாள். இரண்டாம் முறை போய் ஒன்று முதல் ஏழு வரை எழுதினேன். வெளியே வந்து சொசேஜ் வாங்கித் தின்றேன். ருசி ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரம் எனக்கு அதுபோலச் சாப்பாடு வேறு இல்லை.

இப்போது கை வந்துவிட்டது, எழுதுகிறேன்.

நாம் இங்கே வந்து இரண்டாம் மாதம், ஒரு சனிக்கிழமை, கோயிலில் கூட்டம் என்று சொல்லிவிட்டு நான் போனேன். ஞாபகமோ? கூட்டம் ஒன்றும் இல்லை. நீ கடல் கேட்டாய் என்று, முதலில் நான் போய் வழி பார்த்து வந்து, பிறகு உன்னைக் கூட்டிப் போகலாம் என்று நினைத்தேன். ஸ்பிரிங்வேலில் ரெயின் ஏறினேன். பிழையான பக்கத்து ரெயின். எல்லா ஸ்ரேஷனும் எனக்கு ஒரே மாதிரி. போர்ட் போர்டாகப் போகிறது, ஒன்றும் சொல்லவில்லை. கடைசி ஸ்ரேஷன் பாக்கனம் என்று பிறகுதான் தெரியும். கடல் இருக்கிற பக்கமே இல்லை அது. இறங்கச் சொன்னார்கள். இறங்கி அங்கே கிடந்த நீள மர வாங்கில் குந்தினேன். கரை தெரியாத கடலிலிருந்து நட்சத்திரம் பார்த்து வீட்டுக்கு வந்தவன், அங்கே மூன்று மணித்தியாலம் குந்தியிருந்தேன். யாரிடமும் கேட்கப் பாஷை இல்லை. ஒரு ரெயில்வேக்காரர் என் சட்டைப்பையில் இருந்த நம்பரைப் பார்த்து லிண்டாவுக்கு எடுத்தார். அவள் காரில் வந்து கூட்டிவந்தாள். அம்மாவுக்குச் சொல்லாதே என்று அவளிடம் கையெடுத்துக் கேட்டேன்.

அதற்குப் பிறகு நீ கடல் என்று கேட்ட ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த வாங்குதான் ஞாபகம் வந்தது. உன்னையும் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு உன் முன்னால் முழிக்க வேண்டிவருமே என்று பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கடல் என்ன கடல் என்று ஏசினேன். எட்டு வருடம் உன்னைக் குசினி ஜன்னலுக்குள் வைத்திருந்தது கடலை வெறுத்தல்ல, உன்னை வெறுத்துமல்ல.

பிழை விட்டேன், அன்னம். இன்னொரு தாள் தருவாயோ?

நீ போர்மைக் கொடுத்திருந்தாலும் கோபமில்லை. அங்கே உனக்குக் கப்பல் இருக்கிறது. நான் எழுதிக்கொண்டேயிருப்பேன்.

உன்
றெஜினோல்ட்


வெஸ்ட்மீட்
11.05.2025

என் றெஜினோல்டுக்கு,

உங்கள் பெயரை நானும் இன்றைக்குத்தான் முதல்முறை கடிதத்தில் எழுதுகிறேன். உண்மைதான், பெரிய கரைச்சலான பெயர்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வாசித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தச் சனிக்கிழமை எனக்கு நல்ல ஞாபகம். வந்து சாப்பிடாமல் படுத்தீர்கள். வயிற்றுக்குத்து என்றீர்கள். நான் ஓமத்தண்ணி வைத்துத் தந்தேன். அதையும் குடித்தீர்கள்! நான் நினைத்தது வேறு. சேலை கட்டி, கொண்டை போட்டு, இங்கிலிஷ் தெரியாத என்னோடு வெள்ளைக்காரர் மத்தியில் வெளியே வர உங்களுக்கு வெட்கம் என்று நினைத்தேன். எட்டு வருடம் அதைத்தான் நினைத்துக்கொண்டு கறி சமைத்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேருமாக அந்த வாங்கில் குந்தியிருப்போம். பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போயிருப்பேன்.

இனிக் கேளுங்கள். இந்தக் கடிதம் வர முந்தியே நடந்த ஒன்று.

எலெக்சனுக்கு நான்கு நாள் முந்தி, கூட்டம் குறைவு என்று றெக்சன் என்னைப் பரமட்டாவுக்குக் கூட்டிப்போனான். அங்கே இருந்த பெண் விலாசம் கேட்டாள். நான் "மல்கிரேவ், விக்டோரியா" என்றேன். றெக்சன் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, போர்ம் குடுக்கேல்லையோ?"

"இல்லை."

"ஏன்?"

"நேரம் கிடைக்கேல்லை."

"ரெண்டு மாசமா ஃபிரிஜ்ஜிலதானே அம்மா இருந்தது!"

அந்தப் பெண் எழும்பிப்போய்த் தேடி மெல்பேண் தாளைக் கொண்டுவந்து தந்தாள். நீங்கள் எழுதிய அந்த மரவேலிக்குள் நின்ற சனத்தை நினைத்துக்கொண்டு, ஒன்று முதல் ஏழு வரை நம்பர் போட்டேன். ஒரே தாளில். எனக்குத்தான் சின்ன வயதிலிருந்தே வாசிக்கத் தெரியுமே.

பதில் எழுதாததற்குக் காரணம் அதுதான். எழுதினால் சொல்லிவிடுவேன். நீங்கள் வாயைத் திறந்து சொல்வதை முதலில் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

இன்று அன்னையர் தினம். காலையில் றெக்சன் "அம்மா, என்ன வேணும்?" என்று கேட்டான். "ரெயில் ரிக்கற்" என்றேன். சின்னவளை அடுத்த மாதம் காப்பகத்தில் விடுவதென்று முன்னமே பேசியிருந்தார்கள். ஆகவே என்னை மறிக்க அவனுக்குக் காரணம் இல்லை. பிறகு "எத்தினை நாளைக்கு?" என்றான். "மூண்டு மாசம்" என்றேன். என் மூன்று மாதம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். டில்ஷாவுக்கும் தெரியும் போலிருக்கிறது. அழுதாள். பள்ளிக்கூட விடுமுறைக்கு எல்லோரும் அங்கே வருவார்கள்.

23ஆம் திகதி வெள்ளி இரவு இங்கே ஏறினால் சனி காலை மெல்பேண் சதர்ன் குறொஸ் ஸ்ரேஷனில் வந்து நிற்குமாம். எந்தப் பிளாட்ஃபோம் என்று மேலே போர்டில் எழுதி வரும். நீங்கள் வந்து வாசித்து, அந்த இடத்தில் நில்லுங்கள். தனியாக வாருங்கள். லிண்டாவை அனுப்பினால் நான் இறங்க மாட்டேன்.

அங்கிருந்து நேரே வீட்டுக்கு இல்லை, மோர்டியலோக். எந்த ரெயின் என்று நீங்கள்தான் போர்டை வாசித்துச் சொல்ல வேண்டும். பிழையான ரெயினில் ஏறினாலும் பரவாயில்லை, பாணும் சம்பலும் என் பையில் இருக்கும். அந்தக் கிரேக்கக் கிழவருக்கும் சேர்த்துக் கட்டுகிறேன்.

தங்கப் பொட்டைச் சட்டைப்பையில் கொண்டுவாருங்கள். என் நீல ஸ்வெட்டர் அலுமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது, அதையும்.

உங்கள்
அன்னமலர்

பி.கு. இந்தத் தாள் ஏன் இவ்வளவு தடிப்பு என்று நினைத்திருப்பீர்கள். திருப்பிப் பாருங்கள். ஃபிரிஜ்ஜில் இருந்த போர்ம்தான். ஒன்றும் நிரப்பவில்லை. நல்ல தாளை வீணாக்குவானேன் என்று பின்பக்கத்தில் எழுதினேன்.